தெருவில் ஓடும் மசில் காருக்கு டிராக் ரேஸ் டயர் தேர்ந்தெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார நாட்களில் சாலையில் ஓடி, வாரக் கடைசியில் கால் மைல் நேர்கோட்டுப் பந்தயத் தடத்திற்குப் போய்வரும் மசில் கார், அதாவது சக்தி மிகுந்த வி8 எஞ்சின் கார் வைத்திருப்பவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. மஸ்டாங், கமாரோ, சேலஞ்சர், பழைய ஜிடிஓ என எந்தக் காராக இருந்தாலும், பின்சக்கரங்கள் இழுக்கும் காராக இருந்தால் இங்கே சொல்லப்படுபவை பொருந்தும். டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகும் முழுநேரப் பந்தயக் கார்களின் தேவைகள் வேறு என்பதால் அவற்றை இங்கே தொடவில்லை.

காரோடு வந்த டயரே போதாதா? ஏன் மாற்ற வேண்டும்?

டயர் நழுவாமல் கார் புறப்படுகிறது என்றால் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் மசில் காரின் இயல்பு அதற்கு இடம்கொடுப்பதில்லை. பெரிய வி8 எஞ்சின் குறைந்த சுழற்சியிலேயே மிகுதியான முறுக்குவிசையைத் தருவதால், பச்சை விளக்கு எரிந்ததும் பெடலை முழுவதும் அழுத்தினால், சாலை டயர் பிடிக்காமல் ஒரே இடத்தில் சுற்றிப் புகையாகிப்போகும்.

இதன் விலையை முதல் 60 அடி நேரத்தில் பார்க்கலாம். ஓட்டம் முடிந்ததும் தடத்தில் கொடுக்கும் சீட்டில் அந்த எண் அச்சிடப்பட்டிருக்கும். முதல் 60 அடியில், அதாவது சுமார் 18 மீட்டரில், பத்தில் ஒரு விநாடியை மிச்சப்படுத்தினால், கால் மைல் முடிவில் அது ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்காகத் திரும்பக் கிடைக்கும் என்பது பந்தயக்காரர்களின் பொதுவான கணக்கு. எஞ்சினில் கூடுதல் குதிரைத்திறன் ஏற்றி அதே அளவு நேரத்தைக் குறைப்பதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால், நல்ல பின் டயர் ஜோடியைவிட மலிவான முன்னேற்றம் வேறில்லை என்றே சொல்வேன். தொழிற்சாலைகளும் இதை உணர்ந்துவிட்டன. 2018-ஆம் ஆண்டு டாட்ஜ் சேலஞ்சர் டெமன், சாலையில் ஓட்ட அனுமதியுள்ள நிட்டோ டிராக் ரேடியல் டயர்களுடனேயே விற்பனைக்கு வந்தது.

என்னென்ன வகை டயர்கள் இருக்கின்றன?

மூன்று வகைகளைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது ஸ்லிக். முகப்பில், அதாவது தரையில் படும் பரப்பில், ஒரு கோடுகூட இல்லாத வழுவழுப்பான பந்தய டயர் இது. சாலையில் ஓட்ட அனுமதி கிடையாது. இரண்டாவது, ஸ்லிக்கைப் போலவே பயாஸ் அமைப்பில் (விளக்கம் அடுத்த பதிலில்) செய்து, மெல்லிய பள்ளங்கள் வெட்டி, அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் முத்திரையான டிஓடி எழுத்துகளைத் தாங்கி வருவது. மூன்றாவது டிராக் ரேடியல். வெளிப்பார்வைக்குச் சாதாரண ரேடியல் டயரைப் போல இருந்தாலும், முகப்பு ரப்பர் மிகவும் மென்மையானது, பள்ளங்கள் குறைவு. 1990-களின் பிற்பகுதியில் பிஎஃப்குட்ரிச் இந்த வகையைப் பரவலாக்கிய பிறகு, மிக்கி தாம்ப்சன், நிட்டோ, ஹூசியர் போன்ற நிறுவனங்களும் பல அளவுகளில் தயாரிக்கின்றன.

ரேடியலா, பயாஸா? எது வேகம்?

இந்தக் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்பவரை நம்ப வேண்டாம். இரண்டும் விசையை வாங்கும் விதமே வேறு.

பயாஸ் டயரில் உள்ளிருக்கும் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகச் சாய்ந்து கிடப்பதால், பக்கச்சுவர் நெகிழ்ந்து கொடுக்கும். கார் புறப்படும் நொடியில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால், ரிம் முன்னே சுழன்றுவிட, டயரின் முகப்பு தரையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்க, இரண்டுக்கும் நடுவே பக்கச்சுவர் பிழிந்த துணியைப்போல மடிப்பு மடிப்பாகச் சுருங்குவது கண்ணுக்கே தெரியும். அந்தச் சுருக்கம்தான் அதிர்ச்சியை உள்வாங்குகிறது. கிளட்சைச் சட்டென்று விடுவிக்கும் மேனுவல் கியர்பாக்ஸ் கார்களுக்கு இது பெரிய வரம். டயர் சற்றே நழுவினாலும் மீண்டும் பிடித்துக்கொள்ளும், அச்சுகளுக்கும் அடி குறையும். குறை என்னவென்றால், வேகம் ஏறும்போது டயர் விரிந்து உயரமாகும், உருளும்போது அதிக ஆற்றலை விழுங்கும், முடிவுக்கோட்டைக் கடக்கும் வேகத்தில் கார் இடமும் வலமுமாக மெல்ல ஆடுவதுபோல் தோன்றும்.

ரேடியலில் இழைகள் குறுக்கே நேராகப் போவதோடு, முகப்பின் அடியில் உறுதியான பட்டைகளும் இருக்கின்றன. அதனால் தரையில் படும் பகுதி தட்டையாக இருக்கும், விரிவு குறைவு, உருளும் எதிர்ப்பும் குறைவு. கடைசிப் பாதித் தூரத்தில் இது வேகமாகவே இருக்கும். சாலையில் நேராகவும் நிம்மதியாகவும் ஓடும். ஆனால் மன்னிக்கும் குணம் இதற்கு இல்லை. ஒருமுறை சுற்றத் தொடங்கிவிட்டால், பெடலிலிருந்து காலை எடுக்காமல் மீண்டும் பிடிப்பு கிடைப்பது அரிது. ஆகவே ரேடியல் போடுபவர் சஸ்பென்ஷனையும் ஷாக் அப்சார்பரையும் கவனித்தே ஆக வேண்டும்.

என் முடிவு இது: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், சாலையில் கணிசமான ஓட்டம் என்றால் டிராக் ரேடியல். மேனுவல் கியர்பாக்ஸ், அதிக சுழற்சியில் கிளட்சை விடும் பழக்கம், தடத்துக்கு மட்டுமே ஒரு தனி ஜோடி என்றால் பயாஸ்.

பக்கச்சுவரில் இருக்கும் அளவுகளை எப்படிப் படிப்பது?

டிராக் ரேடியலில் பெரும்பாலும் மெட்ரிக் முறை இருக்கும். 275/60 ஆர் 15 என்பதை எடுத்துக்கொள்வோம். 275 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 60 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 60 விழுக்காடு என்பதைச் சொல்வது. 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். பக்கச்சுவர் 165 மில்லிமீட்டர், மேலும் கீழுமாக இரண்டு சேர்ந்து 330, ரிம் 381, மொத்தம் 711 மில்லிமீட்டர், அதாவது 28 அங்குல உயர டயர். ஸ்லிக்குகளில் 28 × 10.5 – 15 என்று நேரடியாகவே எழுதியிருப்பார்கள்: உயரம், அகலம், ரிம்.

இவை பெயரளவு எண்கள்தாம். ஒரே அளவு எழுதிய இரு நிறுவனங்களின் டயர்கள் அரை அங்குலம்கூட வேறுபடலாம் என்பதால், நிறுவனம் வெளியிடும் அளவுப் பட்டியலைப் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

உயரமான டயர் நல்லதா, குட்டையான டயர் நல்லதா?

உயரமான டயரின் தரையில் படும் பகுதி நீளமாக இருப்பதால் பிடிப்பு கூடும். ஆனால் அதே நேரத்தில் அது கியர் விகிதத்தையும் மாற்றிவிடுகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கணக்கு எளிது: மணிக்கு எத்தனை மைல் என்பதை பின் ஆக்சில் விகிதத்தாலும் (சக்கரம் ஒருமுறை சுற்ற டிரைவ் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்ற எண்) 336 என்ற எண்ணாலும் பெருக்கி, டயரின் உயரத்தால் (அங்குலத்தில்) வகுத்தால், நேர் கியரில் (1:1) எஞ்சினின் நிமிடச் சுழற்சி எண் கிடைக்கும். 3.73 ஆக்சில் விகிதமுள்ள கார் 120 மைல் வேகத்தில் கோட்டைக் கடப்பதாக வைத்துக்கொண்டால், 28 அங்குல டயரில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,370 முறை சுழலும். 26 அங்குல டயரில் ஏறத்தாழ 5,780. உங்கள் எஞ்சின் அதிகபட்சத் திறனைத் தரும் சுழற்சிக்குச் சற்று மேலே கோட்டைக் கடக்குமாறு உயரத்தைத் தேர்ந்தெடுப்பது சரியான வழி. ஏற்கெனவே 3.08 போன்ற சாலைக்கேற்ற விகிதம் இருக்கும் காரில் மேலும் உயரமான டயரைப் போட்டால், பிடிப்பு வந்தும் கார் மந்தமாகப் புறப்படுவதாகவே உணர்வீர்கள்.

ஆட்டோமேட்டிக் காரில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் திரவத்தால் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் கொஞ்சம் நழுவும் என்பதால் உண்மையான சுழற்சி இந்தக் கணக்கைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். டயரின் உயரம் மாறினால் ஸ்பீடோமீட்டரும் தவறாகக் காட்டும். சாலையில் ஓட்டுபவர் அதைத் திருத்திக்கொள்வது நல்லது.

என் காரில் எவ்வளவு அகலமான டயர் பொருந்தும்?

அளந்து பார்க்காமல் யார் சொல்லியும் நம்பக்கூடாத விஷயம் இது. ஒரே ஆண்டில் ஒரே தொழிற்சாலையில் செய்த இரண்டு பழைய கார்களில்கூட, ஆக்சில் ஒரு பக்கமாகச் சில மில்லிமீட்டர் தள்ளி இருப்பது வழக்கம். காரின் எடை சக்கரங்களின்மேல் இருக்கும்போதே, உள்பக்கம் ஸ்பிரிங்கிற்கும் சேசிஸ் சட்டத்திற்கும் உள்ள இடைவெளியையும், வெளிப்பக்கம் ஃபெண்டர் விளிம்பின் உள்மடிப்புக்கு உள்ள இடைவெளியையும், இரண்டு பக்கங்களிலும் தனித்தனியே அளக்க வேண்டும். புறப்படும்போது காரின் பின்பகுதி அசையும், பயாஸ் டயர் பக்கவாட்டிலும் பிதுங்கும். ஆகவே எல்லாப் பக்கமும் ஒரு விரல் அகலமாவது காலியாக விடுங்கள். ஃபெண்டரின் உள்மடிப்பு கத்திபோல் கூர்மையானது. ஒரே ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் புது டயரின் தோளைச் சீவி எடுத்துவிடும்.

ரிம்மின் அகலமும் டயருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். குறுகிய ரிம்மில் அகலமான டயரைத் திணித்தால் முகப்பு நடுவில் உப்பி, ஓரங்கள் தரையில் படாமல் போகும். வாங்கிய அகலம் வீணாகும்.

புதிய மசில் கார்களில் இன்னொரு தடை உண்டு. பெரிய பிரேக்குகள் இருப்பதால் 15 அங்குல ரிம் உள்ளே போகாது. பிரேக்கை மாற்றும் வேலையில் இறங்காமல் 17 அல்லது 18 அங்குல ரிம்மில் கிடைக்கும் உயர்ந்த பக்கச்சுவர் டயரைத் தேடுவதே பெரும்பாலானவர்களுக்குப் போதுமானது.

காற்றழுத்தம் எவ்வளவு வைக்க வேண்டும்?

நிறுவனம் சொல்லும் எண்ணே முதல் எண். அது இல்லாதபோது, 1,600 முதல் 1,800 கிலோ எடையுள்ள காருக்கு, டிராக் ரேடியலில் 18 முதல் 20 பிஎஸ்ஐ வரை வைத்துத் தொடங்கி, ஒவ்வோர் ஓட்டத்திற்கும் அரை அல்லது ஒரு பிஎஸ்ஐ குறைத்து, 60 அடி நேரம் குறைவது எங்கே நின்றுபோகிறது என்று பார்ப்பது வழக்கம். பயாஸ் ஸ்லிக்குகள் இதைவிடக் குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யும். அழுத்தத்தைக் குறைக்கக் குறைக்கப் பிடிப்பு கூடிக்கொண்டே போகும் என்று நினைப்பது தவறு. ஓர் எல்லைக்குக் கீழே முகப்பின் நடுப்பகுதி உள்வாங்கி ஓரங்கள் மட்டும் தரையை அழுத்தும், காரும் அதிவேகத்தில் தள்ளாடும்.

சரியான அழுத்தத்தைக் கண்ணால் பார்க்க ஒரு பழைய முறை இருக்கிறது. வெள்ளைத் திரவ ஷூ பாலிஷை டயரின் முகப்பில், ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரு பட்டையாகப் பூசிக் காயவிட்டு, காரை நேராக மெதுவாகச் சில மீட்டர் உருட்டுங்கள். நடுவில் மட்டும் வெள்ளை அழிந்திருந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களும் அழிந்து நடுவில் வெள்ளை மிஞ்சியிருந்தால் காற்று குறைவு. முழு அகலமும் ஒரே சீராக அழிந்திருந்தால் அந்த அழுத்தத்தைக் குறித்துவையுங்கள்.

பெட்ரோல் பங்கில் இருக்கும் காற்றுமானியை இதற்கு நம்ப முடியாது. குறைந்த அழுத்தத்திற்கென்றே செய்யப்பட்ட, அரை பிஎஸ்ஐ துல்லியமாகக் காட்டும் மானி ஒன்றை வாங்கி, எப்போதும் அதையே பயன்படுத்த வேண்டும். வீடு திரும்பும் முன் சாலைக்குரிய அழுத்தத்தை மீண்டும் நிரப்புவது கட்டாயம்; 18 பிஎஸ்ஐ காற்றோடு நெடுஞ்சாலையில் போனால் பக்கச்சுவர் சூடேறி டயர் உள்ளிருந்தே சிதையும்.

டயர் ரிம்மிலேயே சுற்றிவிடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். குறைந்த காற்றும் அதிக முறுக்குவிசையும் சேரும்போது ரிம் சுழல, டயர் பின்தங்கிவிடும். ரிம்மிலும் டயரிலும் சேர்த்து ஒரே நேராகச் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துவிட்டு ஓட்டம் முடிந்ததும் பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து விலகியிருந்தால் டயர் நகர்ந்திருக்கிறது. சற்றுக் கூடுதல் காற்றே பெரும்பாலும் இதைத் தீர்க்கும். மீறினால் டயரின் விளிம்பை ரிம்மோடு பிடித்துவைக்கும் ரிம் திருகுகள், அதற்கும் மேல் அந்த விளிம்பை வளையத்தால் இறுக்கிப் பூட்டும் பீட்லாக் ரிம் என்று போக வேண்டும். திருகு போட அந்த டயரின் தயாரிப்பாளர் அனுமதிக்கிறாரா என்பதை முதலில் பாருங்கள்.

பர்ன்அவுட் எவ்வளவு நேரம் செய்ய வேண்டும்?

பர்ன்அவுட் என்பது ஓட்டத்துக்கு முன் பின் டயர்களை நின்ற இடத்திலேயே சுழற்றிச் சூடாக்குவது. ஸ்லிக்குக்குக் கொஞ்சம் அதிகம், டிராக் ரேடியலுக்குக் குறைவு. ரேடியலில் மெல்லிய புகை கிளம்பியதும் நிறுத்திவிடலாம். ரப்பரைச் சுத்தப்படுத்தி மேற்பரப்பைச் சூடாக்குவதே நோக்கம், அதற்குமேல் போனால் மேற்பரப்பு கொழகொழவென்று மாறி வழுக்கும்.

பள்ளங்கள் உள்ள டயரோடு வருபவர்கள் பர்ன்அவுட்டுக்காகத் தடத்தில் நனைத்து வைத்திருக்கும் தண்ணீர்ப் பகுதிக்குள் நேராக ஓட்டிச் செல்லாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். முன் டயர்களின் பள்ளங்களில் தண்ணீர் புகுந்து, புறப்படும் கோடு வரை சொட்டிக்கொண்டே வரும். உங்கள் பின் டயர் மட்டுமல்ல, உங்களுக்குப் பின்னால் வருபவரின் பின் டயரும் அந்த ஈரத்தில்தான் நிற்கப்போகிறது. தண்ணீரைச் சுற்றிக் கடந்துபோய், பின்சக்கரங்கள் அதன் ஓரத்தில் படும் அளவுக்கு மட்டும் பின்னால் வந்து, அங்கே சுழற்றுங்கள். முன்பிரேக்கை மட்டும் பிடித்துவைக்கும் லைன் லாக் இருந்தால் பின்பிரேக்குகள் தேய்வதைத் தவிர்க்கலாம்.

முன்பக்கமும் மாற்ற வேண்டுமா?

குறுகலான முன் டயர் எடையையும் உருளும் எதிர்ப்பையும் குறைப்பதால் சிறிதளவு நேரம் மிச்சமாகும். ஆனால் காரை நிறுத்துவதில் முன் டயர்களுக்குத்தான் பெரும் பங்கு. சாலையில் ஓடும் காரில், ஒரு சிறு நேரக் குறைப்புக்காக நிறுத்தும் தூரத்தை நீட்டிக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். தடத்தில் மாற்றிக்கொள்ளும் தனிச் சக்கரங்களாக வைத்துக்கொள்ளலாம். பின்பக்கம் பயாஸ், முன்பக்கம் ரேடியல் என்று கலந்து ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும். வேகத்தில் இரண்டும் வெவ்வேறு விதமாக நெகிழ்வதால் கார் நிலையிழக்கும்.

டிஓடி முத்திரை இருக்கிறதே, மழையில் ஓட்டலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். டிஓடி முத்திரை என்பது அந்த டயர் சாலைப் பயன்பாட்டுக்கான விதிகளுக்கு உட்பட்டது என்பதற்கு அடையாளமே தவிர, நனைந்த சாலையில் பிடிக்கும் என்பதற்கு உறுதிமொழி அல்ல. தேங்கிய தண்ணீரை வெளியே தள்ளுவதற்குப் பள்ளங்கள் வேண்டும். டிராக் டயரில் அவை பெயருக்குத்தான் இருக்கின்றன. அகலம் கூடக்கூட டயர் நீரின்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் குறைகிறது. பாதி தேய்ந்த அகலமான டிராக் ரேடியலோடு நெடுஞ்சாலையில் போகும்போது திடீர் மழை பிடித்தால், பெடலைத் தொடாமலேயே பின்பகுதி விலகிப்போகும். அப்படி மழையில் மாட்டிக்கொண்டால் வேகத்தை மெதுவாகக் குறைத்து, ஓரம்கட்டி, மழை விடும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு நல்ல யோசனை என்னிடம் இல்லை.

குளிரும் எதிரிதான். உறைநிலைக்கு அருகே இந்த மென்மையான ரப்பர் கெட்டிப்பட்டுப் பிடிப்பை இழக்கும். உறைந்த நிலையில் வளைந்தால் விரிசல்கூட விடலாம்.

ஆகவே வானிலையைப் பார்த்துப் புறப்பட முடியாதவர்கள், அன்றாடம் வேலைக்கு இதே காரில் போகிறவர்கள், சாலை டயரைக் காரிலேயே விட்டுவிட்டு, டிராக் டயர்களை வேறு ரிம்களில் பூட்டித் தனியாக வைத்துக்கொள்வதே சிறந்தது.

நல்ல டயர் போட்டால் வேறு ஏதாவது உடையுமா?

உடையும் வாய்ப்பு உண்டு. இதுவரை டயர் நழுவியதால்தான் மற்ற பாகங்கள் பிழைத்திருந்தன என்பதே உண்மை. பிடிப்பு வந்ததும் முழு விசையும் யூனிவர்சல் ஜாயிண்ட், டிஃபரென்ஷியல், ஆக்சில் தண்டு, கியர்பாக்ஸ் என்று வரிசையாகப் பாய்ந்து, எது பலவீனமோ அதைத் தேடிப் பிடிக்கும். 1980-களின் கமாரோவில் இருக்கும் 7.5 அங்குல பத்து போல்ட் பின் ஆக்சிலும், அதே காலத்து மஸ்டாங்கில் இருக்கும் டி5 கியர்பாக்ஸும் இப்படிப் பெயர் கெட்டவை. ஃபோர்டின் 9 அங்குல ஆக்சில், டானா 60 போன்றவை இந்தச் சுமையைத் தாங்கும் என்று பெயரெடுத்தவை.

புறப்படும்போது பின்பக்கம் தடதடவென்று குதித்தால் உடனே காலை எடுத்துவிடுங்கள். அந்தக் குதிப்பில் டயர் பிடிப்பதும் விடுவதுமாக, ஒவ்வொரு முறையும் ஆக்சிலைச் சுத்தியலால் அடிப்பதுபோல் அடிக்கிறது. லீஃப் ஸ்பிரிங் (தகடுகளை அடுக்கிச் செய்த வில்) உள்ள பழைய கார்களில், அந்த ஸ்பிரிங் முறுக்கிக்கொள்வதைத் தடுக்கும் டிராக்ஷன் பார் போட்ட பிறகே மென்மையான டயருக்குப் போக வேண்டும்.

இரண்டு பின் டயர்களின் சுற்றளவையும் நாடாவால் அளந்து பார்ப்பதும் அவசியம். வேறுபாடு இருந்தால் கார் ஒரு பக்கமாக இழுக்கும். இரு பின்சக்கரங்களுக்கும் விசை போகச் செய்யும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியலின் கிளட்ச் தட்டுகளும் ஓயாமல் தேயும்.

டயர் மாற்றினால் பந்தய விதிகள் மாறுமா?

1951-இல் தொடங்கிய, டிராக் பந்தயங்களை நடத்தும் என்எச்ஆர்ஏ அமைப்பின் விதிகளையே அமெரிக்கத் தடங்கள் பலவும் பின்பற்றுகின்றன. கால் மைலை 13.99 விநாடி அல்லது அதற்குக் குறைவான நேரத்தில் கடக்கும் காருக்குத் தலைக்கவசம் கட்டாயம். அதே நேர எல்லையில், ஸ்லிக் போட்ட காருக்கு, டிரைவ் ஷாஃப்ட் உடைந்தால் தரையில் விழாமல் தாங்கும் வளையமும் கட்டாயம். சாலை டயரில் ஓடும் காருக்கு அந்த வளையம் 11.49 விநாடி வரை விலக்கப்பட்டிருக்கிறது. விலக்கு இருந்தாலும் டிராக் ரேடியலோடு வேகமாக ஓடுபவர் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. முன்பக்கம் கழன்று விழுந்த டிரைவ் ஷாஃப்ட் தரையில் குத்திக் காரையே தூக்கிவிடக்கூடும்.

இவை எவ்வளவு நாள் உழைக்கும்? பழைய டயர் வாங்கலாமா?

பக்கச்சுவரில் இருக்கும் தேய்மான எண்ணைப் பாருங்கள். சாதாரணச் சாலை டயர்களில் அது பல நூறுகளில் இருக்கும். டிராக் ரேடியல்களில் பெரும்பாலும் 100 அல்லது அதற்கும் கீழே. தினமும் ஓட்டினால் சில ஆயிரம் மைல்களிலேயே முகப்பு போய்விடும். தேய்வதற்கு முன்பே, சூடேறி ஆறும் ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் கெட்டியாகிக்கொண்டே வரும். பள்ளம் நிறைய மிச்சமிருந்தும் 60 அடி நேரம் மெல்ல மெல்ல ஏறுகிறதென்றால் டயர் செத்துவிட்டது என்று அறிக.

பழைய டயர் வாங்குபவர் டிஓடி எழுத்துகளின் முடிவில் உள்ள நான்கு இலக்கங்களைப் படிக்க வேண்டும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பிறகு கட்டைவிரல் நகத்தை முகப்பில் அழுத்திப் பாருங்கள். நல்ல டயரில் நகம் பதிந்த தடம் சிறிது நேரம் தெரியும்; கெட்டிப்பட்டதில் பதியவே பதியாது. எத்தனை வெயிலைப் பார்த்தது என்று தெரியாத டயரை நான் வாங்குவதில்லை.

பயன்படுத்தாத நாட்களில் வெயில் படாத இடத்தில், கறுப்புப் பையில் கட்டி, மின்மோட்டார்களுக்கு அருகில் இல்லாமல் வையுங்கள்; மோட்டாரிலிருந்து வரும் ஓசோன் ரப்பரை அரிக்கும். பளபளப்புக்காக விற்கும் சிலிக்கான் திரவத்தை முகப்பில் படவிடாதீர்கள்.

தடத்திலேயே டயர் மாற்றுவதென்றால் என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

நல்ல ஜாக், தூக்கிய காரைத் தாங்கும் இரண்டு ஸ்டாண்டுகள், நட்டுகளைக் குறித்த அளவுக்கு முறுக்கும் டார்க் ரெஞ்ச், குறைந்த அழுத்த மானி, பேட்டரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்பு. மாற்றுச் சக்கரங்களின் துளை வடிவத்துக்கு உங்கள் நட்டுகள் பொருந்துகின்றனவா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். கூம்பு நட்டும் தட்டை நட்டும் ஒன்றுக்கொன்று மாற்றாக முடியாது. அலுமினியம் ரிம் புதிதாக இருந்தால், முதல் ஓட்டம் முடிந்து ஆறியதும் நட்டுகளை மீண்டும் ஒருமுறை குறித்த அளவுக்கு முறுக்கிப் பார்த்த பிறகே அடுத்த ஓட்டத்துக்கு வரிசையில் நில்லுங்கள்.